கொக்கு இருந்த பக்கம்

எந்தப் பக்கத்தையும் அக்கா முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார்.

பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்த தாளை எடுத்துக் கவிழ்த்துப் பிடிப்பார். அப்படியே கொண்டுபோய், அறையின் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். பிறகு வாசல்வரை நடந்து போய், செருப்பு கிடக்கும் இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதைப் பார்ப்பார். "நேராப் பாத்தா எழுத்து கண்ணப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயிடும் புள்ள. தலகீழாப் பாத்தாத்தான் பக்கம் பக்கமாத் தெரியும்" என்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நாளானதும் எனக்கும் அது பிடிபட ஆரம்பித்தது. கவிழ்ந்த தாளில் வார்த்தைகள் மறைந்துபோய், கறுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமாக வரப்பு கட்டிய வயல் மாதிரி ஒன்று தெரியும். எங்கே கனம் கூடிவிட்டது, எங்கே பள்ளம் விழுந்துவிட்டது என்று புரியும். அடேயப்பா, எவ்வளவு பெரிய வித்தை என்று வாய் பிளந்தேன்.

அந்த வித்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்கிறது.

பெயர் வேண்டாம். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த டி.டி.பி. கடையில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அங்கே வரும். ஆனால் கடை நடந்தது இங்கிலீஷ் பாடப்புத்தகத்தால். சுற்றுவட்டாரத்துச் சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் சிலவற்றுக்கு எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை நாங்கள்தான் புத்தகம் போட்டுக்கொடுத்தோம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் பாடம் எழுதித் தருவார். நான் டைப் அடித்து, பிழை பார்ப்பேன். அக்கா பக்கம் கட்டுவார். படம் எங்கே, எழுத்து எத்தனை பெரிசு, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, எல்லாம் அவர் கை.

நான் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன பெண். ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தேன். வேலைக்குச் சேரும்போது முதலாளி, "இங்கிலீஷ் நல்லாத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்றேன். தெரிந்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டுவேன், பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியும், மீதிப் பாதிக்குக் கைப்பையில் ஒரு குட்டி அகராதி. அந்த "தெரியும் சார்" தொண்டையில் முள் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

அக்கா சொல்வதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதிவைப்பேன். இன்றும் அந்த டைரி இருக்கிறது. "ஓரத்துல எடம் வுடு. புள்ள கட்டவெரல எங்க வைக்கும்?" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றில், "படத்துல இருக்கிற மொகம் உள்ளாறப் பாக்கணும். அது வெளிய பாத்தா, படிக்கிற புள்ளயும் வெளிய பாக்கும்."

முதலாளிக்கு வெள்ளை இடத்தைக் கண்டாலே ஆகாது. "ஏன்க்கா, பாதிப் பக்கம் மொட்டையாக் கெடக்குது? பெத்தவங்க பொரட்டிப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்லாத புக்குக்கா இவ்ளோன்னு கேப்பாங்க" என்பார்.

"தட்டு நெறையச் சோத்தக் கொட்டிட்டா கொழம்ப எங்க ஊத்துவீங்க மொதலாளி?"

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விடுவார். மறுபடி வந்து பார்த்தால் அந்த இடம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

முகம் உள்ளே பார்க்க வேண்டும் என்ற விதியை அக்கா எதற்கும் தளர்த்தமாட்டார். மாடு வெளியே பார்த்து நின்றால் மவுசை ஒரு சொடுக்கு சொடுக்கி உள்ளே பார்க்கத் திருப்பிவிடுவார். "இப்பப் பாரு, தொழுவத்துக்கு வந்துடுச்சி" என்பார். ஒருமுறை பள்ளிக்கூட பஸ் படத்தையும் அப்படித் திருப்பிவிட்டார். பஸ்ஸின் நெற்றியில் இருந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டது. நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். "அட, ஆமால்ல. நான் பஸ்ஸத்தான் பாத்தேன், எழுத்த எங்க பாத்தேன்" என்றார். கடையே சிரித்தது. கலைஞர்கள் அப்படித்தான் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

எனக்குக் காது இருந்தது. கேட்டதைச் சேர்த்துப் பார்க்கும் புத்திதான் இல்லை. நான் டைப் அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் தலைப்பைச் சிவப்புப் பென்சிலால் சுற்ற வேண்டும், கேள்வியை நீலத்தால், பாட்டைப் பச்சையால். இது அக்கா போட்ட சட்டம். என்ன நேர்த்தி என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் புது மென்பொருள் போட்ட அன்று அக்காவுக்குத் தலைவலி வந்து இரண்டு நாள் லீவு எடுத்தார். மூன்றாம் நாள் வந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "புதுசுல எது எது எங்கெங்க போயி உக்காந்திருக்குன்னு காட்டு புள்ள" என்றார். நான் காட்டக் காட்ட அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "மேல மூணாவது. அதுல கீழேருந்து ரெண்டாவது. மேல அஞ்சாவது, அதுல கோடு போட்டதுக்குக் கீழ." சாமி கும்பிடுகிறவர் மாதிரி இருந்தது.

விரல்களைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பத்து விரல் நுனியும் கறுத்துத் தோல் உரிந்து, பிறகு மெழுகு மாதிரி வழவழத்துப் போனவை. ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பட்டறையில் உட்கார்ந்தவர் அக்கா. தமிழ் மட்டும் ஐந்தாம் வகுப்புவரை. பிறகு எப்படியோ இந்தக் கடைக்குத் தாள் மடிக்க வந்து, மடித்த தாளைப் பார்த்துப் பார்த்து, யாரும் இல்லாத மத்தியானங்களில் மவுசைப் பிடித்துப் பழகி, அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். "எனக்குன்னு ஒரு நாக்காலி, அதுவும் சுத்துற நாக்காலி. எது போனாலும் போவட்டும், திரும்பிக் கொட்ட ஒடைக்க மட்டும் போவமாட்டேன் புள்ள" என்று ஒருநாள் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். அதையும் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அக்கா அதிர்ந்து நான் பார்த்ததே இல்லை. சிமெண்ட் லாரி ஒன்று எதிர்க்கடையில் மோதி ஷட்டரே பெயர்ந்து விழுந்தபோது கடையில் எல்லாரும் அலறினோம். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார்.

இனி அந்தக் கொக்கு.

மூன்றாம் வகுப்புப் புத்தகம். ஹெட்மாஸ்டர் சார் தன் மகள் கல்யாண வேலையில் இருந்தார். "கொக்கப் பத்தி ஒரு பாட்டு, எட்டு வரி வரும். தலைப்பு போட்டு எடம் வுட்டு வைங்க, நாளைக்குத் தரேன்" என்று போனில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைப்பை நான் அடித்துக் கொடுத்தேன்.

விஷயம் வராத இடத்தைச் சும்மா நிரப்பிவைக்க அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அர்த்தமில்லாத வார்த்தைகளைக் கொட்டிக் கொடுக்கும். பார்வைக்கு நிஜ வரி மாதிரியே இருக்கும். எங்கள் கடையில் அதற்கு "வைக்கோல்" என்று பெயர். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்களே, அது. வைக்கோல் வைத்த பக்கத்தின் தாளில் அக்கா ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவார். மஞ்சள் சீட்டு இருந்தால் நான் படிக்க வேண்டியதில்லை. நிஜ விஷயம் வந்து மாற்றியபிறகு சீட்டைக் கிழித்துவிட்டு என்னிடம் தருவார். நான் படித்து, மூலையில் டிக் போடுவேன். டிக் விழுந்த தாள் அச்சுக்குப் போகும். இதுதான் எங்கள் நடைமுறை.

கொக்கை அக்காவே வரைந்தார். ஊருக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து ஏரியில் பார்த்த கொக்காம். ஒற்றைக்காலில், கழுத்தை வளைத்து, பக்கத்தின் உள்பக்கமாகக் குனிந்து நின்றது. அந்தக் கழுத்தின் வளைவை ஒட்டி எட்டு வரியையும் ஏற்றி இறக்கி வெட்டி வைத்தார். வைக்கோல்தானே, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஹெட்மாஸ்டர் சாரின் வரிகள் எப்போதும் நீளமாக வந்து அக்காவின் கட்டத்தை இடிக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக எழுத்து அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளை. கொக்கு அந்த எட்டு வரியை, தண்ணீருக்குள் மீனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா செருப்பு கிடக்கும் இடத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் நல்லா மூச்சு வுடுது" என்றார்.

பாருங்கள், தலைகீழாகத் தொங்கவிடுகிற அந்தப் பழக்கமே காலை வாரிவிட்டது. தலைகீழாகத் தொங்கிய தாளில், மேலே ஃபேன் சுற்ற, அந்த மஞ்சள் சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பிறகு பீரோவுக்கு அடியில் கிடந்தது. சாரும் கல்யாண அலைச்சலில் பாட்டைத் தர மறந்தேபோனார்.

அந்தக் கட்டு என்னிடம் வருவதற்கு முதல்நாள் நான் லீவு. திரும்பி வந்தபோது அந்தத் தாள் சீட்டு இல்லாமல் என் மேஜைக்கு வந்த கட்டில் இருந்தது. பாட்டு நான் இல்லாத நாளில் வந்து வேறு யாரோ அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படித்தேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. குட்டி அகராதியில் தேடினேன், இல்லை. பாட்டு என்றால் அப்படித்தான் கஷ்டமான வார்த்தையாக இருக்கும், சின்ன அகராதியில் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கேட்கலாம். கேட்டால், "தெரியும்னு சொன்னியேம்மா?" என்று வரும். கொக்கைப் பார்த்தேன். பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. அவ்வளவு அழகான பக்கத்தில் தப்பு எப்படி இருக்கும்? மூலையில் டிக் போட்டேன். என் டிக்குக்கு ஒரு வால் உண்டு, கடைசியில் சுருட்டிவிடுவேன்.

புத்தகம் அச்சாகிப் போனது. ஜூன் போனது, தீபாவளி போனது, பொங்கல் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வரதராஜன்பேட்டை பக்கத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. புத்தகம் போட்டுக்கொடுக்கிறவர்கள் என்று முதலாளியையும் எங்களையும் அழைத்திருந்தார்கள். அக்கா பட்டுச்சேலையில் வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் ஒரு வயதான ஃபாதர், பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மைக்கில் ஒரு டீச்சர், "அடுத்து நம்ம மூணாம் வகுப்புச் செல்லங்கள் இங்கிலீஷ் பொயம் சொல்லப் போறாங்க" என்றார்.

பன்னிரண்டு குழந்தைகள் வெள்ளைச் சிறகும் மஞ்சள் அட்டை மூக்குமாக வந்து ஒற்றைக்காலில் நின்றன. எட்டு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல், ராகம் போட்டு, கணீரென்று சொல்லின. ஒவ்வொரு வரிக்கும் ஆக்‌ஷன் வேறு. ஒரு வரிக்குச் சிறகை விரித்தன. ஒரு வரிக்குக் குனிந்து மீன் பிடித்தன. பந்தல் முழுக்கக் கைதட்டல். எனக்குப் பக்கத்தில் ஒரு தகப்பனார் செல்போனில் படம் பிடித்தபடியே, "எப்புடி இங்கிலீஷ் பேசுது பாரு எம் பொண்ணு" என்று கண் கலங்கினார்.

அக்கா என் காதோரம் குனிந்தார். "ரெண்டு ஓரத்துலயும் எடம் வுட்டு நிக்க வச்சிருக்காங்க பாத்தியா? அந்த டீச்சருக்குக் கண்ணு இருக்குது."

மேடையில் ஃபாதர் மட்டும் கை தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் சாய்ந்து பேசினார். மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

"என்ன பாட்டும்மா இது?"

"தேர்டு ஸ்டாண்டர்டு இங்கிலீஷ் பொயம் ஃபாதர். புக்லயே இருக்கு."

"இங்கிலீஷா? புஸ்தகத்தக் குடுங்க பாப்பம்."

புத்தகம் போனது. அவர் விரல் வைத்துப் படித்தார். "இது இங்கிலீஷ் இல்லம்மா. லத்தீன் வார்த்தைங்க. நாங்க குருமடத்துல படிச்சிருக்கோம். லத்தீனும் முழுசா இல்ல, மிக்சியில போட்டு அடிச்ச மாதிரி கெடக்குது. ஒரு வரிக்கும் அர்த்தம் கெடையாதே!"

பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா நடத்துறேன் ஃபாதர்… பரிட்சையில கூட வச்சேன்… எல்லாரும் நூத்துக்கு நூறு…" என்று அவர் சொன்னதும் மைக்கில் கேட்டது. படம் பிடித்த தகப்பனார் செல்போனைக் கீழே இறக்கினார். ஒற்றைக்காலில் நின்றிருந்த குட்டிக் கொக்கு ஒன்று, "மிஸ், மறுபடி சொல்லவா?" என்று கேட்டது.

எழுதியவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அச்சடித்தவர் பார்க்கவில்லை. எத்தனை பள்ளி, எத்தனை டீச்சர், எத்தனை வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட அப்பா அம்மா! எல்லாருமே தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்து வாயை மூடியிருக்கிறார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

மறுநாள் காலை கடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற பள்ளிகளுக்கும் செய்தி போய்விட்டது. முதலாளி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் பக்கத்த யாரு பாத்து டிக் போட்டது? அந்தத் தாள எடுங்க."

பழைய தாள்கட்டெல்லாம் அக்காவின் பீரோவில் இருக்கும். அவர் போனார். முதுகைக் காட்டி நின்று கட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்தத் தாளில் வால் சுருட்டிய டிக் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் என் வேலை போய்விடும். அத்தோடு, இங்கிலீஷ் தெரியும் என்று பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்று பெரம்பலூர்வரை பேர் போய்விடும்.

"தாள் இல்ல மொதலாளி" என்றார் அக்கா, திரும்பாமல். "இந்தப் பக்கத்த நான் யாருகிட்டயும் காட்டல. நானே அச்சுக்கு அனுப்பிட்டேன்."

தாள் காற்றில் எங்கேயாவது போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்து, மனசுக்குள் சாமிக்கு நன்றியும் சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"சரிக்கா, அனுப்புனீங்க. ஆனா பாத்தாலே தெரியாதா இது இங்கிலீஷ் இல்லன்னு?"

"தெரியாது மொதலாளி. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

முதலாளி சிரிக்கப் பார்த்தார், வாய் பாதியில் நின்றுவிட்டது. மேஜைமேல் கிடந்த எல்.கே.ஜி. புத்தகத்தைப் பிரித்து, படத்தைக் கையால் மறைத்து, ஒரு வார்த்தையைக் காட்டினார். "இது என்னக்கா?"

அக்கா குனிந்து பார்த்தார். "மூணு எழுத்து. நடுவுல இருக்கறது கூர மாதிரி இருக்குது. கைய எடுத்தீங்கன்னா, பூன இருந்தா பூனம்பேன்."

முதலாளி கையை எடுத்தார். பூனைதான். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பத்து வருசம். பத்து வருசமா எத்தினி இங்கிலீஷ் புக்கு! அய்யோ அக்கா…" திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்குள் பஸ்ஸும் பச்சைப் பென்சிலும் மேல மூணாவதும் கம்பியில் கவிழ்ந்து தொங்கிய தாள்களும் ஒன்றாக இடித்துக்கொண்டு வந்தன. தலைகீழாகப் பார்த்தால் எழுத்து மறையும் என்றாரே, நேராகப் பார்த்தாலும் அவருக்கு அது அப்படித்தானே இருந்திருக்கிறது!

அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அக்காவே தன் மரஸ்கேலையும் பென்சில் டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டார். சுற்றுகிற நாற்காலியை மேஜைக்குள் தள்ளி, நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். என் பக்கம் வரும்போது, "ஓரத்துல எடம் வுடு புள்ள, மறந்துடாத" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு வார்த்தை போதும். திறக்கவில்லை.

பிறகு ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். பெரம்பலூரில் எனக்கே ஒரு சிறிய கடை. போன மாசி மாதம் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கம்பெனி ஒன்று, பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கக் கூப்பிட்டது. அளவெடுக்கப் போனேன். கொட்டகைக்குள் நீள மேஜைமேல் வெள்ளை வெளேரென்று பருப்பு. முழுசு, பாதி, குருணை என்று பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பருப்போடு ஒட்டிவைத்திருக்க, ஒருத்தர் மட்டும் இரண்டடி பின்னால் தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்று, மேஜை முழுவதையும் பார்த்துவிட்டு, பிறகு வந்து கையை வைத்தார்.

"அக்கா" என்றேன்.

"அடி இவளே! எளச்சிப்போயிட்டியே புள்ள, சோறு திங்கிறியா இல்லியா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விரல்கள் மறுபடி கறுத்திருந்தன. முதல் மூன்று வருஷம் கொட்டைதான் உடைத்தாராம், இப்போதுதான் பிரிக்கிற மேஜை.

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "அக்கா, அந்தப் பக்கத்துல டிக் போட்டது நான்தான். நீங்க கட்டுல தேடுன தாளு… அதுல என் டிக்குதான் இருந்துச்சி. அன்னிக்குச் சொல்லாம வுட்டுட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாளு கட்டுல மேலயே இருந்துச்சி. வாலு சுருட்டுன டிக்கு. எடுத்து இடுப்புல சொருவிக்கிட்டேன்."

"அது என்னோடதுன்னு… உங்களுக்கு…"

"படிக்கத்தான் தெரியாது புள்ள. பாக்கத் தெரியாதா?"

அழுதேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பருப்பை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "நாலாங்கிளாஸ் புக்கு பாதியில நின்னுச்சில்ல? ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா அத யாரு முடிக்கிறது?" என்றார். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். முந்திரி வாசம் அடித்தது. பிறகு, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த மாதிரி, மெதுவாகக் கேட்டார். "அந்தப் பக்கத்துல அப்புறம் என்னா வச்சீங்க?"

"சாரோட பாட்டு வந்துச்சிக்கா. எட்டு வரின்னாரு, பதினாறு வரி குடுத்தாரு. அதுக்குக் கீழ அருஞ்சொல், அஞ்சு கேள்வி. எடம் பத்தலன்னு மொதலாளி…"

நிறுத்தினேன். அக்காவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. லாரி மோதியபோது மாறாத முகம், வேலை போன அன்று மாறாத முகம். கறுத்த விரல்கள் வாயை மூடிக்கொண்டன.

"கொக்கையா எடுத்தீங்க?"